ஆராதனைப் பாடல்களை இணையத்தில் தேடும் முறை

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறந்து, மறுநாள் ஆராதனைக்கு ஐந்து பாட்டுகளை அவசரமாகத் தேடிப் பிடித்து, அவற்றைக் கொயர் அங்கத்தினர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்லும் பாடகர்குழுத் தலைவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. நானும் சில வருஷங்கள் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன் என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த அத்தியாயம் அப்படிப்பட்டவர்களுக்காக, விசேஷமாகத் திருவனந்தபுரத்தில் தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் அருகருகே அமர்ந்து பாடும் சபைகளில் இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பாட்டின் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை; பஞ்சமெல்லாம் சரியான மெட்டுக்குத்தான். ஆகையால் வார்த்தை கிடைத்தவுடன் தேடல் முடிந்துவிட்டதாக எண்ணுகிறவர் பாதி வழியில் இறங்கிவிட்ட பிரயாணியைப் போன்றவர்.

நம் கையில் ஏற்கெனவே இருப்பது

தென் திருவிதாங்கூரில் 1806இல் மயிலாடியில் வந்திறங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே காலந்தொட்டு லண்டன் மிஷன் ஊழியம் தமிழில் தொடங்கி, வடக்கே நகர நகர மலையாளத்தைத் தழுவிக்கொண்டது. இரண்டு பாஷைகளும் சந்தித்த அந்த எல்லையில் பாட்டுகள் வார்த்தையை மாற்றிக்கொண்டனவே தவிர, மெட்டைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், தமிழ்க் கீர்த்தனை மரபில் ஊறியே மலையாளத்தில் பாடல்கள் இயற்றினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடைய (1774–1864) கீர்த்தனைகளை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் ஒரு தொகுப்பாக அச்சிட்டபோது, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நடக்கும் கர்நாடக சங்கீத அமைப்பு சபை ஆராதனைக்குள் உறுதியான இடம் பெற்றது. இரட்சணிய யாத்திரிகம் பாடிய ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியிலேயே தமிழ் கற்பித்தவர். 1959இல் தென் திருவிதாங்கூர் திருமண்டலம் கன்னியாகுமரி என்றும் தென் கேரளம் என்றும் இரண்டாகப் பிரிந்தது; நிர்வாகத்தைத்தான் பிரித்தார்கள், பாட்டை யாராலும் பிரிக்க முடியவில்லை.

இவ்வளவையும் சரித்திர ஆசையினால் சொல்லவில்லை. உங்கள் சபைக்குத் தெரிந்த பாட்டுகளில் ஒரு பெரும்பகுதிக்கு இரண்டு பாஷையிலும் வார்த்தை இருக்கக்கூடும் என்பதே இதன் பிரயோஜனம். தேடும்போது இதை மறக்கலாகாது.

கைப்பேசியைத் தொடுவதற்கு முன்

1. அந்த ஞாயிறுக்குரிய பொருளையும் வேதபாடங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். சி.எஸ்.ஐ. சபையாரானால் வருஷந்தோறும் வெளிவரும் பஞ்சாங்கத்திலும், கத்தோலிக்கரானால் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்த ஞாயிறு வாசக அட்டவணையிலும் அவை கிடைக்கும். பல சபைகள் பொதுவாகப் பயன்படுத்தும் 1992ஆம் வருஷத்துத் திருத்திய பொது வாசக அட்டவணை முழுவதையும் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து இறையியல் நூலகம் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் ஆயர் எந்த அட்டவணையைப் பின்பற்றிப் பிரசங்கிக்கப் போகிறார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சாங்கம் ஒன்று சொல்ல, பிரசங்கம் வேறொன்று சொல்ல, பாட்டு மூன்றாவதொன்றைச் சொல்லும் ஆராதனைகளை நான் கண்டிருக்கிறேன்.

2. ஆராதனை முறைமையில் பாட்டு வரும் இடங்களைக் குறியுங்கள்: ஆரம்பம், பாவ அறிக்கைக்குப் பின், பாடங்களுக்கு இடையில், பிரசங்கத்துக்கு முன், காணிக்கை, திருவிருந்து, முடிவு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தொழில் உண்டு. காணிக்கைப் பாட்டு காணிக்கை எடுத்து முடியும் வரையில் நீள வேண்டும். பிரசங்கத்துக்கு முந்திய பாட்டு நீளக் கூடாது.

3. சபையின் பாட்டுக் கணக்கைத் தயாரியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள்: நன்றாகத் தெரிந்தவை, பாதி தெரிந்தவை, தெரியாதவை. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கடைசியாக எந்தத் தேதியில் பாடப்பட்டது என்று குறித்து வந்தால், ஒரே கீர்த்தனையை மூன்று வாரம் தொடர்ந்து போட்டுவிட்டுப் பெரியவர்களிடம் ஏச்சு வாங்க நேராது.

*குறிப்பு:* ஒரு ஞாயிறுக்குத் தெரியாத பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒன்றையும் ஆராதனை தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் சபையாருக்குப் பாடிக் காட்டுங்கள்.

தேடும் வரிசை

இப்போது இணையத்துக்குள் போகலாம். எல்லாரும் முதலில் யூடியூபுக்கே ஓடுகிறார்கள். நான் சொல்லும் வரிசையில் அது கடைசியில்தான் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு பாட்டைப் பாடகர் ஒருவர் தம் மனோதர்மத்துக்கு ஏற்ப வளைத்துப் பாடியதை முதலில் கேட்டுவிட்டால், அந்த வளைவே மூலம் என்று காது பிடிவாதம் பிடிக்கத் தொடங்கிவிடும். பிறகு அச்சுப் பிரதியைப் பார்த்தால் அதுதான் தவறு போலத் தோன்றும்.

1. முதலில் உங்கள் சபையின் அச்சிட்ட பாமாலையையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் பொருளட்டவணையோடு பாருங்கள். இது இணையம் அல்லவே என்று கேட்பீர்கள். அல்லதான், ஆனாலும் பாதிப் பாட்டுகள் இங்கேயே அகப்பட்டுவிடும். பாட்டின் தலைப்பில் ராகம், தாளம், சீர் அளவு, மெட்டின் பெயர், மூலப்பாட்டின் முதல் அடி ஆகியவற்றில் எது அச்சிட்டிருந்தாலும் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தேடலுக்கு அதுதான் திறவுகோல்.

2. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டானால் ஹிம்னரி டாட் ஆர்க் என்னும் தளத்துக்குச் செல்லுங்கள். அமெரிக்காவின் கால்வின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இந்தத் தளத்தில் பாட்டின் முதல் அடி, மெட்டின் பெயர், சீர் அளவு, வேத வசனம் ஆகிய நான்கு வழிகளிலும் தேடலாம். சங்கீதம் 100 என்று வேதப் பகுதியைக் கொடுத்தால் அதைத் தழுவிய பாட்டுகள் வரிசையாக வரும். அவை ஆங்கிலப் பாட்டுகளாக இருப்பினும், அவற்றுள் எதன் தமிழ் மொழிபெயர்ப்பு நம் பாமாலையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஓர் இனிய வேலை.

இந்தத் தளத்தில் நம்மவருக்கு விசேஷமாகப் பயன்படக்கூடிய அம்சம் ஒன்றுண்டு. ஒவ்வொரு மெட்டின் ஆரம்ப ஸ்வரங்களையும் எண்களாகக் கொடுத்திருக்கிறார்கள். 1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வெளிவந்து இன்று உலகமெங்கும் பாடப்படும் ‘ஓல்டு ஹண்ட்ரட்த்’ மெட்டுக்கு 1 1 7 6 5 1 2 3 என்று போட்டிருக்கும். 1ஐ ஸ என்றும் 2ஐ ரி என்றும் வைத்துக்கொண்டு வாசித்தால் ஸ ஸ நி த ப ஸ ரி க; மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரியாதவரும் ஹார்மோனியத்தில் இதை வாசித்து, நமக்குத் தெரிந்த மெட்டுத்தானா என்று அரை நிமிஷத்தில் தீர்மானித்துவிடலாம்.

3. நான்கு குரலுக்குரிய கொயர் இசைப்பிரதி வேண்டுமானால், 1998இல் தொடங்கப்பட்ட பொதுவுடைமைக் கொயர் நூலகமும் (சுருக்கமாக சி.பி.டி.எல்.), 2006இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.எஸ்.எல்.பி.யும் உரிமைக்காலம் முடிந்த பிரதிகளை இலவசமாகத் தருகின்றன. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு இவ்விரண்டும் போதும் என்றே சொல்லுவேன். இறக்கிய பிரதியை மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் ஏற்றும் வடிவில் கொடுத்திருந்தால், ஸோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் ஆகிய ஒவ்வொரு குரலையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து அங்கத்தினர்களுக்கு அனுப்பலாம்.

4. பழைய கீர்த்தனையின் மூலபாடம் வேண்டுமானால் இன்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகிய இரண்டிலும் பழைய அச்சுப் பதிப்புகளின் படங்களைத் தேடுங்கள். மலையாளப் பக்கத்துக்கு, ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகம் 2018இல் திறந்த குண்டர்ட் தளத்தில் பாஸல் மிஷன் காலத்து நூல்கள் படங்களாக இருக்கின்றன. 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தில் தேம்பாவணி முதலான கிறிஸ்தவ இலக்கியங்களும் உண்டு. அவை பாடுவதற்கல்ல, ஆராதனையில் ஒரு செய்யுளை வாசிப்பதற்குப் பயன்படும்.

இணையத்துக்கு வெளியே ஒரு வார்த்தை: கண்ணம்மூலையில் 1943இல் தோன்றிய கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியும், 1829இல் தோன்றி இன்று பாளையத்தில் இருக்கும் அரசு மத்திய நூலகமும் பேருந்தில் சென்றடையக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. திரையில் கிடைக்காத புத்தகம் அலமாரியில் கிடைப்பதுண்டு.

5. கடைசியாக யூடியூப். மேலே சொன்னவற்றில் மெட்டு அகப்படாதபோதும், அகப்பட்ட மெட்டின் நடையை அறியவேண்டியபோதும் மட்டும் இங்கே வாருங்கள். ஒரே பாட்டுக்குக் குறைந்தது மூன்று பதிவுகளைக் கேளுங்கள். அவற்றுள் ஒன்று ஸ்டூடியோவில் பாடியதாக இல்லாமல், ஏதேனும் ஒரு சபை கூடிப் பாடியதாக இருக்கட்டும். தனிப்பாடகர் இழுக்கும் இடத்தில் சபையார் இழுப்பதில்லை. வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கேட்கும் வசதி அதிலேயே இருக்கிறது. சுருதி மாறாது, ஸ்வரங்கள் தெளிவாகக் காதில் விழும்.

*குறிப்பு:* தமிழில் தட்டச்சு செய்து தேடும்போது ஒரே எழுத்துமுறையை நம்பியிராதீர்கள். இயேசு, ஏசு, யேசு, கிறிஸ்து, கிறீஸ்து, ஸ்தோத்திரம், தோத்திரம், ரட்சகர், இரட்சகர், இரக்ஷகர் என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். முதல் அடியில் கிடைக்காவிட்டால் சரணத்தின் அடி ஒன்றை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். பழைய எழுத்துருவில் ஏற்றப்பட்ட பக்கங்கள் தமிழ்த் தேடலுக்கு அகப்படா; அவற்றுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் உச்சரிப்பை எழுதித் தேடுவது சில சமயம் பலிக்கும்.

கிடைத்ததைச் சரிபார்த்தல்

இங்கேதான் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். ஓர் அறுப்பின் பண்டிகையன்று, ஆறு சரணமுள்ள கீர்த்தனை ஒன்றை ஒரு தளத்திலிருந்து எடுத்து அப்படியே திரையில் போட்டுவிட்டேன். அதில் மூன்றாம் சரணம் விடுபட்டிருந்ததையும், ஐந்தாம் சரணத்தில் ஓர் எழுத்து மாறி ஸ்துதி ஒன்று நிந்தையாகிவிட்டிருந்ததையும் நான் கவனிக்கவில்லை. முன்வரிசையில் புத்தகமில்லாமலே பாடும் மூதாட்டிகள் மூன்றாம் சரணத்தைப் பாட, திரையைப் பார்த்த இளைஞர்கள் நான்காம் சரணத்தைப் பாட, ஆர்கன் வாசித்தவர் இருசாராரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி என்னை அழைத்து, ‘தம்பி, புஸ்தகம் வாங்கக் காசில்லையாக்கும்?’ என்று கேட்டார். அன்றிலிருந்து பின்வரும் ஒழுங்கை நான் மீறியதில்லை.

1. இணையத்தில் எடுத்த ஒவ்வொரு வார்த்தையையும் அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் புத்தகத்தைப் பார்க்கட்டும். தனியாகச் செய்தால் கண் ஏமாற்றும்.

2. சரணங்களை எண்ணுங்கள். பாட்டின் எண்ணையும் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறுவதுண்டு.

3. ராகத்தைச் சோதியுங்கள். புத்தகத்தில் செஞ்சுருட்டி என்றிருக்க, பதிவில் சங்கராபரணத்தைப் போல ஒலித்தால், மெட்டு எங்கோ வழிதவறியிருக்கிறது. இது உங்களுக்குப் பிடிபடாவிட்டால் வெட்கப்படத் தேவையில்லை. 1939இல் தொடங்கி இன்று தைக்காட்டில் நடந்துவரும் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியில் பயின்ற ஒருவராவது எந்தச் சபையின் சுற்றத்திலும் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

4. சீர் அளவு ஒன்றாக இருப்பதனாலேயே ஒரு பாட்டுக்கு வேறொரு மெட்டைப் பொருத்திவிடாதீர்கள். எண்ணிக்கை 8.7.8.7 என்று பொருந்தினாலும், அடி அழுத்தத்தில் தொடங்குகிறதா அழுத்தமற்ற எடுப்பில் தொடங்குகிறதா என்பதைப் பார்க்கவேண்டும். தமிழ்ச் சொல்லில் முதலசையே கனமானது. அது தாளத்தின் எடுப்பில் நழுவி விழுந்தால், பாட்டு நொண்டியடிக்கும். நெடிலைக் குறுக்கியும் குறிலை நீட்டியும் பாடவேண்டி வந்தால் அந்த மெட்டைக் கைவிட்டுவிடுங்கள்.

சுருதி நிர்ணயம்

பாட்டு சரியாக இருந்தும் சபை பாடாமல் நிற்பதற்கு முக்கியமான காரணம் சுருதி. யூடியூபில் கேட்ட பதிவு இருபது வயதுப் பாடகி ஒருத்தி ஐந்தரைக் கட்டையில் பாடியதாக இருக்கும். நமது சபையிலோ ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பாதிக்குமேல் இருப்பார்கள். கேட்ட சுருதியிலேயே கீபோர்டு வாசிப்பவர் தொடங்கினால், பல்லவியில் பாடியவர்கள் சரணத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

1. பதிவின் சுருதியைக் கண்டுபிடியுங்கள். தம்பூரா செயலி ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, பாட்டு வந்து இளைப்பாறும் ஆதார ஸட்ஜத்தோடு அதைச் சேர்த்துப் பாருங்கள்.

2. கட்டைக் கணக்கைக் கீபோர்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் முறையே ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை என்றும் ஏழரை என்றும் கட்டை கிடையாது.

3. பாட்டின் உச்ச ஸ்வரத்தைத் தேடுங்கள். இது பல்லவியில் இராது. அனுபல்லவியிலோ சரணத்திலோ தாரஸ்தாயியில் ஒளிந்திருக்கும். கொயர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பொதுவானது பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துச் சுருதியைத் தீர்மானிப்பது.

4. அந்த உச்ச ஸ்வரம், பெண்குரலில் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள சி-யிலோ மிஞ்சினால் டி-யிலோ நிற்கும்படி முழுப்பாட்டையும் இறக்குங்கள். ஆண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். காலை ஏழரை மணி ஆராதனையானால் இன்னும் அரைக்கட்டை குறையுங்கள். தூங்கி எழுந்த தொண்டை அது.

5. தீர்மானித்த கட்டையை நோட்டுப் புத்தகத்தில் பாட்டுக்கு எதிரே எழுதுங்கள். கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துகிறவர், பாட்டு முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த பாட்டு பாழாகும். ஆகவே அதற்கு ஓர் ஆளை நியமியுங்கள்.

இரண்டு பாஷையில் ஒரு பாட்டு

பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே, தாத்தா தமிழ்ப் பாமாலையைப் பிடித்திருக்க, பேரன் மலையாளத்தில் மட்டுமே வாசிக்கக்கூடிய குடும்பங்கள் பல. இவர்களுக்காகச் சிலர் ஒரு சரணம் தமிழிலும் ஒரு சரணம் மலையாளத்திலுமாகப் பாட வைக்கிறார்கள். கேட்க அழகாயிருக்கிறது, ஆனால் ஒருசாரார் பாடும்போது மறுசாரார் சும்மா நிற்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், ஒரே மெட்டில் இரு பாஷை வார்த்தையும் இருக்கும் பாட்டைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் அவரவர் பாஷையில் பாடச் சொல்லுவதே உத்தமம். கோவிலில் அது குழப்பமாக ஒலிக்கும் என்று பயப்படவேண்டியதில்லை. மெட்டு ஒன்றாயிருந்தால் உயிரெழுத்துகள் தம்மில் கலந்துவிடும்.

அதற்குச் செய்யவேண்டியவை:

1. தமிழ்ப் பாட்டின் ஆங்கில மூலத்தையோ மெட்டின் பெயரையோ கண்டுபிடித்து, அதே பெயரை மலையாளக் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையில் தேடுங்கள். கீர்த்தனையானால் ராக தாளத்தை வைத்துத் தேடவேண்டும். இதற்கு வயதான உபதேசியார் ஒருவரின் ஞாபகம் எந்தத் தளத்தையும்விட விரைவாகப் பதில் சொல்லும்.

2. இரண்டு பாடங்களையும் அருகருகே எழுதிச் சரணங்களின் பொருள் ஒத்துப்போகிறதா என்று மலையாளம் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். மெட்டு ஒன்றாகி, ஒன்று கிறிஸ்துமஸ் பாட்டாகவும் மற்றது அடக்க ஆராதனைப் பாட்டாகவும் இருந்துவிட்டால் விபரீதம்.

3. மலையாள வார்த்தை தெரியாத தமிழருக்கும் தமிழ் வார்த்தை தெரியாத மலையாளிக்கும் எதிர்ப் பாஷையின் பல்லவியை மட்டும் தம் லிபியில் எழுதிக் கொடுங்கள். பல்லவி ஒன்றே போதும்.

திரையும் எழுத்துருவும்

பழைய பாமினி போன்ற எழுத்துருவில் உள்ள பாட்டைத் திரைக்கு அனுப்பினால், எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றியபின் ணகர, னகர, ளகர, ழகரங்களை ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். ஓப்பன்எல்பி என்னும் இலவச மென்பொருள் ஆராதனைத் திரைக்கென்றே அமைந்தது. ஒரு திரைக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிச் சிறிது

சபையில் பாடுவது வேறு, அச்சிடுவது வேறு, ஒளிபரப்புவது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

உண்மையான மதச் சடங்கின்போது ஒரு பாட்டைப் பாடுவது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்தத் தைரியத்தில் புதிய பாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து விற்கவோ, அதை பி.டி.எஃப். ஆக்கி ஊருக்கெல்லாம் அனுப்பவோ கூடாது. வார்த்தைக்கும் மெட்டுக்கும் உரிமைக்காலம் இயற்றியவர் மறைந்த வருஷத்துக்குப் பின் 60 ஆண்டுகள். மகாகவி கே. வி. சைமன் 1944இல் காலமானார். ஆகவே அவருடைய மலையாளப் பாட்டுகள் 2005 ஜனவரி முதல் யாவர்க்கும் பொது. டி. ஜி. எஸ். தினகரன் மறைந்தது 2008இல். அவர் பாட்டுகளுக்கு 2068 முடியும்வரை உரிமை உண்டு. பாட்டு பழையதாயினும் அதன் இசைத்தட்டுப் பதிவுக்கும், புதிய மொழிபெயர்ப்புக்கும், புதிய நான்குகுரல் அமைப்புக்கும் தனித்தனி உரிமை உண்டென்பதை மறவாதீர்கள்.

*எச்சரிக்கை:* ஆராதனையை நேரலையாக அனுப்பும் சபைகள், பதிவுசெய்த பின்னணி இசையை ஒலிக்கவிட்டுப் பாடினால், யூடியூபின் இயந்திரமே அதைக் கண்டுபிடித்து ஒலியை அடைத்துவிடும் அல்லது வருமானத்தை வேறொருவருக்குத் திருப்பிவிடும். சொந்தக் கொயர், சொந்த ஆர்கன், உரிமைக்காலம் முடிந்த பாட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் தொல்லையில்லை. வாழ்ந்துகொண்டிருக்கும் பாடலாசிரியரின் பாட்டுக்கு அவரிடமோ வெளியீட்டாளரிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடங்கள்

1. பாட்டு இறக்கும் தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் பொத்தான் அநேகமாக விளம்பரமாகவே இருக்கும். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு எதையும் வாட்ஸப் வழியாக வந்தால் திறக்காதீர்கள். பாட்டுப் புத்தகம் என்று பெயரிட்டு வங்கிக் கணக்கைத் திறக்கும் கோப்புகள் அவற்றில் உண்டு. செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரு பாட்டுச் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்டால், மறுத்துவிடுங்கள்.

2. ஞாயிறுப்பள்ளிப் பிள்ளைகள் பாடும் காட்சியை நேரலையில் விடுவதற்கு முன் பெற்றோரைக் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரைத் திரையில் போட வேண்டாம்.

3. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் பிற்பகல் இடி எதிர்பாராமல் வரும். பயிற்சி முடிந்ததும் கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

4. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து ஒலிமாசு விதி. கிறிஸ்துமஸ் கேரல் சுற்றுக்கும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கும் முன்னதாகவே போலீஸ் நிலையத்தில் அனுமதி கேளுங்கள். கேரல் சுற்றில் தபேலாவும் கையுமே போதும் என்பது என் கட்சி.

5. திரையை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரம் நின்றால் பாடுவதற்கு ஒவ்வொரு பாட்டின் அச்சுப் பிரதியும் கொயர் பெட்டியில் இருக்கட்டும்.

வாரத்தின் ஒழுங்கு

திங்கட்கிழமை ஆயரிடம் பொருளைக் கேளுங்கள். செவ்வாய், புதனில் தேடலை முடியுங்கள். வியாழன் ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுருதி தீர்மானிப்பதும். வெள்ளி மாலை பயிற்சி; அதற்குப் பின் எந்தப் பாட்டையும் மாற்றாதீர்கள், மாற்றச் சொல்லுகிறவர் கமிட்டிச் செயலாளராயிருந்தாலும் சரி. தேர்ந்த பாட்டுகளையும், கட்டைகளையும், எடுத்த இடத்தையும் ஒரே கூகுள் தாளில் குறித்து வந்தால், அடுத்த வருஷம் அதே ஞாயிறு வரும்போது பாதி வேலை மிச்சம்.

பாட்டெண் பலகையில் எண்களைச் செருகுவதுதான் கடைசிக் காரியம். அதைச் சனிக்கிழமை மாலையே செய்துவிடுங்கள். ஞாயிறு காலையில் ஏணியைக் கோவில்பிள்ளை எங்கே வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.